ரோசாவைத் தின்ற மான்கள்

திருகோணமலையில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். அதனால் அங்கே எது காணாமற் போனாலும் பழியை மானின் தலையில் போட்டுவிடலாம். உயர்கல்வி நிறுவனமொன்றின் பணிப்பாளர் கனகரத்தினம் அப்படித்தான் போட்டார். இருநூறு ரோசாச் செடிகள் வாங்கியதாகப் பில் இருந்தது, செடிகள் இல்லை. மான் தின்றுவிட்டதாம். மானை உள்ளே விட்டது காவலாளி ஆதம்பாவாவாம்.

விளக்கம்கூடக் கேட்காமல் ஆதம்பாவாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு பணிப்பாளரே மூதூரில் வீட்டிலிருந்த அவருக்குப் போனில் கோல் எடுத்தார்.

"ஒத்துக்கொள்ளும். எச்சரிக்கையோட முடிச்சுவிடுறன். இல்லாட்டி வேலை போயிடும்."

ஆதம்பாவா ஓம் என்று ஒத்துக்கொண்டார். வேலைதான் வேண்டும், மானம் பிறகு.

விசாரணை செய்ய வெளியிலிருந்து ஜெயரூபி என்ற அதிகாரி வந்தார். வந்ததும் பணிப்பாளரைச் சாட்சிக் கதிரையில் இருத்தினார்.

"அவர்தான் ஒத்துக்கொள்ளுறாரே மிஸ். மத்தியானத்துக்கு முன்னம் முடிப்பம்."

"ஒத்துக்கொண்டாலும் நான் கேட்கவேணும் சேர். ஒரு ஆளின்ர வேலை." அவர் ஆதம்பாவாவிடம் திரும்பினார். "எத்தனை மான் வந்தது?"

"நாலு மிஸ்."

பணிப்பாளர் இருமினார்.

"நாப்பது மிஸ்."

"முள்ளையும் திண்டதோ?"

"முள்ளத்தான் முதல்ல திண்டிச்சி." ஆதம்பாவாவுக்குப் பொய் இனிக்கத் தொடங்கியிருந்தது. "வேரயும் கிண்டித் திண்டிச்சி."

"வளவில ஒரு குழியையும் காணேல்லையே?"

பணிப்பாளருக்குப் பொறுக்கவில்லை. "குழி எப்பிடி இருக்கும்? எல்லாம் சீமெந்துச் சாடியில வைச்சது. சாடிக்கும் பில் இருக்கு!"

ஜெயரூபி பேனையைக் கீழே வைத்தார். "அப்ப சாடியள் எங்க சேர்?"

பணிப்பாளர் ஆதம்பாவாவைப் பார்த்தார். அது கெஞ்சலா மிரட்டலா என்று சொல்ல முடியாத பார்வை. ஆதம்பாவா யோசித்தார். இதற்கும் ஓம் போட்டால் வேலையும் போகும், ஊரும் சிரிக்கும்.

"மன்னிச்சிக்கங்க சேர். செடிக்குப் பொய் சொன்னன். சீமெந்துக்குச் சொல்ல ஏலா." பிறகு ஜெயரூபியைப் பார்த்தார். "செடியும் வரல்ல, சாடியும் வரல்ல மிஸ். சேர்தான் ஒத்துக்கச் சொன்னவர்."

பணிப்பாளர் துள்ளி எழும்பினார். "இது அபாண்டம்! எனக்குக் குற்றப்பத்திரம் தரவேணும்! பதில் சொல்ல அவகாசம் வேணும்! எனக்காகக் கதைக்க ஒரு ஆள் வேணும்!"

"எல்லாம் கிடைக்கும் சேர். ஒண்டையும் குறைக்க மாட்டினம். நானே எழுதிவிடுறன்."

ஆதம்பாவா தொண்டையைச் செருமினார். "அப்ப நான் நாளைக்கி வேலைக்கி வரலாமா மிஸ்?"

"உங்களில குற்றமில்லையெண்டு எழுதியாச்சு. ஏன் நாளைக்கு? இப்பவே போங்கோ, கேட்டில ஒருத்தரும் இல்ல."