கடப்பாக்கல்லில் ஒரு ஸ்டேஷன்

பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்தெருவில் யுவராணி குடியிருந்த வீட்டுக்கு மொத்தமே இரண்டு அறை. முன்னறைச் சுவரில் பதித்த கடப்பாக்கல் அலமாரியின் நடுத்தட்டு மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். அதில் அவளுடைய எவர்சில்வர் சாமான்கள் இருந்தன. மூன்று வருஷத்துக்கு முன் அவற்றையெல்லாம் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவள் புருஷன் அழகேசன் அங்கே பொம்மை ரயில் விட ஆரம்பித்தான். நாள் முழுக்க மின்சார ரயில் ஓட்டுகிற மோட்டார்மேனுக்கு வீட்டுக்கு வந்தும் ரயில்தானா என்று அவள் கேட்காத நாளில்லை. ஆம்பளைக்கு ஒரு ஆசை வந்தால் பாத்திரம்தான் இடம் மாற வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் வேலையில் கெட்டிக்காரன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். அந்த இத்துனூண்டு இடத்தில் சுற்றி வர ஒரு பாதை, வண்டி ஒதுங்கி நிற்க இன்னொரு பாதை, பிஸ்கெட் அட்டையில் பிளாட்பாரம், ஊதுபத்திக் குச்சியில் கைகாட்டி. ஆட்கள் மட்டும் கிடையாது. ஸ்டேஷன் என்றால் நாலு பேர் நிற்க வேண்டாமா என்று கேட்டதற்கு, இடம் பத்தாது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் அப்படிக் கேட்டது போன மாதம். அதற்கும் சில நாள் முன்புதான், காலை நேரத்தில் அவன் ஓட்டி வந்த வண்டியில் ஒரு ஆள் அடிபட்டுச் செத்துப்போனான். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவன். அழகேசன் மேல் தப்பில்லை என்று விசாரித்து எழுதிவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, என்னவோ குறுக்கே வந்தது, சத்தம் கேட்டது, அவ்வளவுதான் என்று விசாரணையிலும் சொன்னான், யுவராணியிடமும் அதையே சொன்னான். அன்றிலிருந்து லீவு. குளிப்பான், போட்டதைச் சாப்பிடுவான், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். காலி ஸ்டேஷனைக் காலி வண்டி சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த மனுஷன் இனி அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே மாட்டானோ என்று அவள் பயந்தாள். வேலைக்குப் போ, போனால்தான் மனசு தேறும் என்று நாற்பது நாளும் சொன்னாள். கெஞ்சிச் சொன்னாள், அழுது சொன்னாள், ஒரு நாள் சோற்றுத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டும் சொன்னாள். கூட வேலை பார்க்கிற டில்லிபாபுவைக் கூப்பிட்டும் சொல்ல வைத்தாள்.

"என் வண்டில இதுவரிக்கும் நாலு பேரு பூட்டாங்க, அண்ணாத்தே. நான் ஓட்டிகினுதானே கீறேன்?" என்றான் டில்லிபாபு. ஆறுதல் சொல்லத்தான் வந்தான், பாவம்.

கடைசியில் அழகேசன் இறங்கி வந்தான். திங்கட்கிழமை டியூட்டியில் சேர்கிறேன் என்று அவன் வாயாலேயே சொன்னபோது யுவராணிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. அவள் வீட்டிலிருந்தே பிளவுஸுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பவள். ஊசிமுனையில் ஜர்தோசிச் சரிகை கோக்கிற கைக்கு, ஒரு சென்டிமீட்டர் மனுஷன் பெரிய விஷயமா? பல்குத்தும் குச்சியைச் சீவி, சோளமாவும் பசையும் பிசைந்து பூசி, துணிப் பெயின்டால் சட்டையும் புடவையும் எழுதி ஏழு பேரைச் செய்தாள். இடம் பத்தாது என்றான் அல்லவா, பத்துகிற அளவுக்குச் சின்னதாகவே செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் முடிவெட்டப் போன நேரத்தில் ஆறு பேரைப் பிளாட்பாரத்தில் ஒட்டினாள். ஏழாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. அவன் கையைத் தூக்கி டிரைவருக்கு டாட்டா காட்டுகிறவன். அவனைப் பிளாட்பாரம் முடிகிற இடத்தில், வளைவு ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினைக் கையால் தள்ளிப் பார்த்தாள். இடிக்கவில்லை.

அழகேசன் வந்து பார்த்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, பூக்கூடை வைத்திருந்தவளை மெதுவாக விரலால் தொட்டான். நாற்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். சுவிட்சைப் போட்டான். எஞ்சின் பிளாட்பாரத்தைக் கடந்தது, வளைவில் ஏழாவது ஆளையும் கடந்தது. அதன் பின்னால் நீளமான பெட்டி வந்தது. இவ்வளவு சின்ன வளைவில் திரும்பும்போது நீளப்பெட்டியின் வால் வெளிப்பக்கம் தள்ளும். அது அவளுக்குத் தெரியாது. பெட்டி அந்த ஏழாவது ஆளைத் தட்டித் தண்டவாளத்தின் மேல் இழுத்துப்போட்டது. ஒரு சுற்று சுற்றி வந்த எஞ்சின் அவன் மேல் ஏறிக் கவிழ்ந்தது.

யுவராணி பதறிப்போய் சுவிட்சை அணைத்தாள். அழகேசனின் இடது கை, இல்லாத எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அவனும் இப்டித்தான் கைய தூக்கினான்" என்றான். "பஸ்ஸ நிறுத்துற மாதிரி. மூஞ்ச நல்லா பாத்தேன், யுவராணி. நான் நிறுத்திடுவேன்னு நெனச்சுகினு சிரிச்சான். பிரேக்க இழுத்தேன். ஒடனே நிக்க அது இன்னா பஸ்ஸா?"

அவள் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். தன் கையால் செய்து, தன் கையால் அங்கே நிறுத்தியதை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

"இத்த ஏன்யா என்னாண்ட சொல்லல?"

"சொன்னா நீ போவாதன்னு சொல்லிடுவ. நீ சொல்ற தெம்புலதான் போவலாம்னு இருந்தேன்."

வெட்டிய முடி கழுத்தில் ஒட்டியிருக்க, அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இப்ப சொல்லு. நாளைக்கு வேலைக்கு போவட்டுமா?"

போ என்று நாற்பது நாளாக ஓயாமல் சொன்ன ஒரு வார்த்தை. அது அவள் வாயில் வரவில்லை. போகாதே என்றும் வரவில்லை. அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.