விசை என்றால் கரண்டு

சுவாதி வீட்டில் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். அவளுடைய அப்பா சௌடையா கைத்தறியை மாற்றி விசைத்தறி போட்டபோது அவள் தெரிந்துகொண்ட கணக்கு எளிமையானது. கையால் ஓட்டினால் கைத்தறி, கரண்டில் ஓடினால் விசைத்தறி. அப்படியென்றால் விசை என்பது கரண்டுதானே?

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் ஆண்டிச்சாமி, "விசைன்னா என்ன?" என்று கேட்டதும் முதல் ஆளாக எழுந்து, "கரண்டு சார்!" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த வகுப்புக்கு அவல் கிடைத்துவிட்டது. முதலில் சிரித்தவள் பக்கத்தில் இருந்த ஃபர்ஹானா. உயிர்த்தோழி! மற்றவர்கள் சிரித்தது சுவாதிக்கு மறந்துபோனது. அந்த முதல் சிரிப்பு மட்டும் மறக்கவே இல்லை.

அன்றிலிருந்து அவள் பெயர் கரண்டு. வகுப்பில் அவள் வாயைத் திறப்பதே இல்லை. விடை தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள்வாள்.

காரியாபட்டியில் அறிவியல் கண்காட்சி வந்தது. வாத்தியார் விவரம் தெரியாமல் சுவாதியையும் ஃபர்ஹானாவையும் ஒரே மேசையில் போட்டுவிட்டார். மணலிலும் சாக்கிலும் வழவழப்பான பலகையிலும் பிளக்கில் செருகின ஒரு சின்ன மோட்டார் நூல்கட்டி இழுக்கிற மரவண்டி, அதுதான் அவர்கள் மாதிரி.

"நீ வண்டியத் தூக்கிட்டு வா, போதும். பேசுறத நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஃபர்ஹானா பஸ்ஸில். நல்ல மனசோடுதான் சொன்னாள். சுவாதிக்கு அது இன்னும் சுட்டது. இன்றைக்கும் ஊமையாக நின்றால் பள்ளிக்கூடம் முடிகிறவரை தன் பெயர் கரண்டுதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

நடுவராக வந்தவர் மதுரையில் கல்லூரிப் பேராசிரியை. ஃபர்ஹானா கிளிப்பிள்ளையாக ஒப்பித்தாள். "ஒரு பொருளின் ஓய்வு நிலையையோ சீரான இயக்க நிலையையோ மாற்றுவது விசை."

அந்த நேரம் பார்த்து கரண்டு போனது. சாக்கின் மேல் போய்க்கொண்டிருந்த வண்டி நின்றது.

"ஏம்மா நின்னுச்சு?" என்று நடுவர் ஃபர்ஹானாவிடம் கேட்டார்.

"விசை போயிருச்சு மேடம். கரண்டு இல்லேல்ல?"

நடுவர் விரலை மேலே காட்டினார். விட்டத்து ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. "கரண்டு இல்லாம அது எப்படிச் சுத்துது?"

ஃபர்ஹானாவின் முகம் சிவந்தது. அடுத்த மேசைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சுவாதியின் தொண்டைவரை சிரிப்பு வந்தது. எத்தனை நாள் கனவு! நியாயப்படி அவள் சிரித்திருக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. ஃபர்ஹானா கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்தாள். சிரிப்பை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டுத் தறியும் அப்பிடித்தான் மேடம். கரண்டு போனதும் பட்டுன்னு நிக்காது, ரெண்டு அடி அடிச்சுட்டுத்தான் நிக்கும். ஓடுற பொருள் அதுபாட்டுக்கு ஓடத்தான் பாக்கும். உராய்வுதான் நிப்பாட்டுது. ஃபேனுக்குக் காத்தும் தடுக்குது. இந்த வண்டிக்குச் சாக்குல உராய்வு சாஸ்தி, அதான் உடனே நின்னுருச்சு."

"அப்ப இந்தப் பொண்ணு சொன்ன மாதிரி விசை போகலையா?" என்றார் நடுவர்.

"பாதி சரி மேடம். இழுக்குற விசை போயிருச்சு. நிப்பாட்டுற விசை போகல. அதுவும் விசைதான்."

நடுவர் தலையாட்டிச் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்ந்தார். ஃபேன் மெல்ல மெல்ல ஓய்ந்தது. சுவாதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஃபர்ஹானா வண்டியின் நூலைச் சுற்றியபடி கேட்டாள். "ஏடி, நானும் கரண்டுன்னுதானே சொன்னேன். நீ ஏன் சிரிக்கல?"

"வந்துச்சு. நிப்பாட்டிட்டேன்."

"எப்பிடி?"

"அதுக்கும் விசை வேணும்டி" என்றாள் சுவாதி. ஃபர்ஹானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், கரண்டு வந்த பிறகும் விடவில்லை.