ஸ்பிரிங்வெளியில் மட்டும் முடியாத பொதி

ஜிப்னாவின் வீட்டுக் கணினியில் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக் கணினியில் முடியவே மாட்டேன் என்றது. பிழைச் செய்தி கிடையாது. ஆயத்தங்களை எல்லாம் செய்யும், மூல நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டத் தொடங்கும், உடனே மறுபடி ஆயத்தத்துக்குப் போய்விடும்.

"செக்குமாடு கூட நடுவுல தண்ணி குடிக்கும்" என்றாள் நிரஞ்சலா. கொழுந்தெடுத்து வந்த கையோடு வாசிகசாலையைத் திறந்து வைப்பவள் அவள்தான்.

ஜிப்னாவுக்கு பதுளை டவுனில் போன் திருத்தும் கடை. மிச்ச நேரத்தில், இலவசமாகக் கிடைக்கும் ஒரு யுனிக்ஸ் இயங்குதளத்துக்குத் தமிழ்த் தட்டச்சுப் பொதியைப் பராமரிக்கிறாள். பொதி என்பது ஒரு செய்முறை. மூல நிரலை எங்கே எடுப்பது, எதெதைத் துணைக்குச் சேர்ப்பது, எப்படிக் கட்டுவது என்று அதில் எழுதியிருக்கும். அது இருந்தால் யாரும் ஒரே கட்டளையில் மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்.

பொதிகளைத் தொகுப்பவர்கள் போன வாரம் அறிவித்திருந்தார்கள்: பழைய கணினிகளில் இந்தத் தமிழ்ப் பொதியைப் பாவிப்பவர் யாரும் இல்லை, வெள்ளிக்கிழமை நீக்குகிறோம். "நாங்கள் பாவிக்கிறோம்" என்று ஜிப்னா எழுதினாள். "அப்படியானால் உண்மையான பழைய கணினி ஒன்றில் கட்டிக் காட்டுங்கள்" என்று பதில் வந்தது.

தோட்டத்து அறிவித்தல்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் வரும். நிரஞ்சலாவும் இன்னும் சில பெண்களும் அவற்றைத் தமிழாக்கி, விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் அவற்றின் பக்கத்திலேயே ஒட்டுவார்கள். ஆபீசிலிருந்து வந்து இரண்டு முறை கிழித்தார்கள். மூன்றாம் முறையும் ஒட்டினார்கள். எல்லாம் இந்த ஒரு பழைய கணினியில் அடித்தது. பொதி போனால் தமிழ் அறிவித்தலும் போகும்.

கட்ட முடியாமல் சுற்றுகிறது என்று எழுதியதற்குத் தொகுப்பவர்களிடமிருந்து போனில் பதில் வந்தது. ஜிப்னா வாசித்துச் சொன்னாள்: "அந்த இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது. தூக்கிப் போடுங்கள்."

"எவன்டி அவன்? நம்ம ஆபீஸ் கிளாக்கரய்யா மாதிரியே பேசுறான்!"

"வயசு போனா சூடாகி நிக்கும் அக்கா. இது நிக்கவே இல்ல. ஆரோ சொல்றதக் கேட்டுத்தான் திரும்பத் திரும்பச் செய்யுது."

சொல்வது கட்டுமானக் கருவி என்ற மென்பொருள். அதற்குத் தெரிந்தது ஒரே விதி. ரொட்டி சுட்ட பிறகு மாவை மாற்றியிருந்தால், ரொட்டியைத் திரும்பச் சுட வேண்டும். மாவு மாறியதா என்று அது மாவைப் பார்ப்பதில்லை. கோப்புகளின் நேரத்தை மட்டுமே பார்க்கும்.

ஜிப்னா கோப்புகளின் நேரங்களைத் திரையில் வரவழைத்தாள். மூல நிரல், இந்த வருடம். சற்று முன் அந்தக் கணினியே உருவாக்கிய கோப்பு, 2003 ஜனவரி.

"அக்கா, இங்க ரொட்டி மாவ விட இருபது வருஷம் மூத்தது!"

கணினிக்குள் கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பெட்டரி செத்திருந்தது. கரண்ட் நின்றால் கடிகாரம் பிறந்த வருடத்துக்கே திரும்பும். வாசிகசாலையில் இணையமும் இல்லை, நேரத்தைச் சரிசெய்ய.

"இங்க கரண்ட ஆரு நிப்பாட்டுற?"

"நாங்கதான். மேல் லயத்து வீடுங்க கரண்டுல எரிஞ்சதுல இருந்து, கடைசியாப் போறவங்க மெயின் சுவிட்ச அணைச்சிட்டுத்தான் போகணும். அத மாத்தச் சொல்லிறாத, ஆமா."

"மாத்த வேணாம்."

"அப்ப பெட்டரிய மாத்து."

"மாத்துவம். அது இந்த ஒண்டுக்குத்தான் சரி. நமுனுகுலயிலயும் இப்படி ஒரு பழசு ஈக்கு. இன்னும் எங்கெங்கயோ ஈக்கும். பெட்டரி செத்ததெல்லாம் குப்பையெண்டு அவங்க சொல்லிட்டே ஈப்பாங்க. செய்முறையத் திருத்தினா அந்தக் கதைக்கே எடமில்ல."

முதலில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகப் புது நேரம் போட்டுப் பார்த்தாள். சில நொடி முன்பின்னாக விழுந்து, மறுபடி சுற்றியது. நிரஞ்சலா சிரித்தாள். "செக்குமாட்டுக்கு வெறி புடிச்சிருச்சு." ஜிப்னா அதை அழித்துவிட்டு வேறு விதமாக எழுதினாள்.

இந்த முறை அது திரும்பிப் போகவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, கடைசி வரை போய் முடிந்தது. நிரஞ்சலா பொதியை நிறுவி, அடுத்த நாள் அறிவித்தலின் தலைப்பை அதிலேயே அடித்தாள்.

ஜிப்னா திருத்தத்தைப் போன் வழியாக அனுப்பினாள். கூடவே எழுதினாள்: "தூக்கிப் போடவில்லை. கட்டிவிட்டோம். நீக்குவதானால் வேறு காரணம் சொல்லுங்கள்."

வியாழக்கிழமை நீக்கல் அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். செய்முறையில் சேர்ந்தது, மாவை ரொட்டியை விட மூத்ததாக்கும் ஒரே கட்டளை: மூல நிரலைப் பிரித்தவுடன், அதிலுள்ள எல்லாக் கோப்புகளுக்கும் அந்தக் கணினியின் கடிகாரம் அப்போது காட்டும் நேரத்தை, ஒரே நேரமாகப் போடு.