மாமியார் அறையின் கூரை

"இந்த வாரம் முழுக்க ஒரு சொட்டு விழாது!" என்று மார்தட்டி, தன் மாமியார் அறையின் கூரையைப் பழுதுபார்க்கப் பிரிக்க வைத்தவர் வானொலியின் வானிலை அதிகாரி. இலையுதிர் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இன்று வந்த புதிய செயற்கைக்கோள் படத்திலோ யானைக் கூட்டம்போல் மேகம். மைக் முன் உட்கார்ந்தவரின் வியர்வையில் நாற்காலியே மிதந்தது. மாமியார் கேட்டுக்கொண்டிருப்பார். 'லேசான தூறல்' என்று பூசி மெழுகிவிடலாமா? மீன் பிடிக்கப் படகில் கிளம்புகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இன்று மாலை முதல் வாரம் முழுவதும் கனமழை" என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் ஃபோன் அலறியது.

"கேட்டேன், மாப்பிள்ளை. தைரியமாத்தான் சொன்னீங்க."

"அத்தை, உங்க கட்டில்..."

"அது உங்க ரூமுக்குப் போயாச்சு. நானும் என் பொண்ணும் அங்க இருந்துக்கறோம். உங்க கட்டிலத்தான் இங்க என் ரூம்ல போட்டிருக்கு. வரும்போது குடை வாங்கிட்டு வாங்க, நல்லா பெருசா!"