வாரம் ஒரு மூக்கு

முப்பத்தொரு பேருக்குக் கண் பார்த்துவிட்டு இரண்டே இரண்டு கண்ணாடி விற்கிற விற்பனைக்காரியை நிங்ரும் தன் ஒன்பது வருட வேலையில் பார்த்ததில்லை. ஒன்றுகூட விற்காதவர்கள் உண்டு. அவர்கள் வீட்டை விட்டே கிளம்பாதவர்கள். தூகினா அப்படியில்லை. வாருகுல்லோ கிராமத்தில் அவள் ஏறாத வாசல் கிடையாது. இந்த ஊர்ப் பெண்களுக்கு எழுத்து அட்டை சரிப்படாதென்று, முறத்தில் அரிசியைப் பரப்பி, பத்துக் கல்லை எண்ணிப் போட்டுப் பொறுக்கச் சொல்லியிருக்கிறாள். நாலு கல் பொறுக்கியவள் கண்ணாடி போட்டதும் பத்தையும் பொறுக்கியிருக்கிறாள். எல்லாம் நோட்டில் தேதியோடு இருக்கிறது. பத்தும் பொறுக்கியவள் ஏன் வாங்கவில்லை என்பதுதான் இல்லை.

நிங்ரும் வந்தது கண்ணாடிப் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக. ஆறு மாதத்தில் பத்துக் கண்ணாடி போகாத ஊரில் பெட்டியை வைத்திருக்கக் கூடாது, விற்பனைக்காரியின் மாதப்படியையும் நிறுத்திவிட வேண்டும். அந்த விதியை எழுதிய புண்ணியவதியும் நிங்ருமேதான். அவர்களுடைய நிறுவனம் பாதி தர்மம், பாதி கடை. சும்மா கொடுத்தால் பரணுக்குப் போகும், அதிக விலை சொன்னால் பணக்காரன் மூக்குக்குப் போகும் என்று நடுவில் ஒரு விலை வைத்து, ஒரு கோழி விலையான முப்பத்தைந்தாயிரம் ரூபியாவுக்கு விற்றார்கள். இந்த நடுவைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருடம் நிற்பது கயிற்றின்மேல் நடக்கிற கதைதான். போன மாதம் மூன்று ஊரில் பெட்டியை எடுத்தாயிற்று. அங்கெல்லாம் அவள் காரணம் கேட்கவில்லை. இங்கே கேட்காமல் போனால் தூக்கம் வராது போலிருந்தது.

"வாங்கின ரெண்டு பேர் யாருக்கா?"

"பள்ளிவாசல் இமாம் ஒண்ணு, ஊராட்சி எழுத்தர் ஒண்ணு" என்றாள் தூகினா. "ஆம்பளைங்களுக்குச் சீட்டு கிடையாதுல்ல."

"சீட்டுக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்?"

தூகினா செருப்பை மாட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்று வெள்ளிக்கிழமை, வாகியெம் வீட்டில் அரிசான் என்கிற பெண்கள் சீட்டுக் குலுக்கல் நடக்கும் நாள்.

பதினெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இனிப்புத் தேநீர், சோயாவில் செய்து பொரித்த தெம்பே, அவித்த மரவள்ளி. மூடியில் ஓட்டை போட்ட ஒரு ஜாம் பாட்டிலுக்குள், உறிஞ்சுகுழல் துண்டுகளில் சுருட்டிச் செருகிய பெயர்கள். பணச் சீட்டுக் குலுக்கல் முடிந்து, எடுத்தவள் பணத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். இத்தோடு கலைய வேண்டியதுதானே? யாரும் எழுந்திருக்கவில்லை. வாகியெம் அலமாரியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து வந்தாள். பாயின் நடுவே ஒரு துணியை விரித்து, அதன்மேல் ஒரு கண்ணாடியை வைத்தாள்.

நிங்ருமுக்கு அதை உடனே அடையாளம் தெரிந்தது. அவள் ஜகார்த்தாவில் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்த உத்தி அது. ஊருக்கு ஒரு மாதிரிக் கண்ணாடி; ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள், இல்லையென்றால் திருப்பித் தாருங்கள். ஒரு வாரம் தெளிவாகப் பார்த்த கண் மறுபடி மங்கலுக்குத் திரும்பாது என்று பெரிய படம் போட்டுக் காட்டினார்கள். வாருகுல்லோ அதை அப்படியே பாட்டிலுக்குள் போட்டுவிட்டது. வாரம் ஒருத்தி பேர் விழும், அந்த வாரம் கண்ணாடி அவள் வீட்டில். வெள்ளிக்கிழமை, ஒரு கீறல் இல்லாமல், துடைத்துத் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. அதை அடக்கிக்கொண்டு, "கண்ணாடி இல்லாத வாரம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"யாரு வீட்டுல இருக்கோ அங்க போவோம் இபு. நூல் கோக்கணும், மாத்திரை அட்டை பாக்கணும், பேரன் அனுப்புன மெசேஜு படிக்கணும். போன வாரம் என் வீட்டுல ஒரு கிலோ சக்கரை காலி" என்றாள் வாகியெம். அவர்களுக்கு நிங்ரும் இபு, அதாவது அம்மா.

"சக்கரையைப் பத்திப் பேசாதடி. நீ போட்ட டீயில ஈகூட உக்காராது" என்றது ஒரு குரல். பாய் முழுக்கச் சிரிப்பு.

சிரிக்காதவள் ஒருத்திதான், பார்சித்தி. ரவிக்கை தைக்கிறவள். நிங்ரும் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது அவளும் பின்னாலேயே வந்தாள்.

"எனக்கு ஒண்ணு வேணும் இபு. காசு கொண்டாந்திருக்கேன். யாருக்கும் தெரியக் கூடாது."

"ஏன், தூகினாக்காகிட்டயே வாங்கலாமே?"

"கேட்டேன். அவ தரமாட்டேங்கறா. தனியா வாங்கினா, உங்க வீட்டு வாசல் எனக்கு வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்கறா. அதுவும் நெசந்தான். ஆனா ஒரு வாரம் தைக்கிறேன், அப்புறம் என் பேரு எப்ப வரும்னு அந்தப் பாட்டிலுக்குத்தான் தெரியும். மத்த வாரமெல்லாம் விரல்லதான் தைக்கிறேன்." காட்டினாள். விரல் நுனியெல்லாம் ஊசிப் புள்ளி.

 விற்காமல் விட்ட விற்பனைக்காரி மேல் கோபமா, மரியாதையா என்று நிங்ருமுக்கே பிடிபடவில்லை. ஆனால் வழி பளிச்சென்று தெரிந்தது. பாய்க்குத் திரும்பி வந்து சொன்னாள்: வாரம் ஆளுக்கு இரண்டாயிரம் போடுங்கள், பேர் விழுந்தவளுக்குக் கண்ணாடி சொந்தம், பதினெட்டு வாரத்தில் பதினெட்டு மூக்கிலும் கண்ணாடி. சட்டி பானைக்கெல்லாம் இப்படிச் சீட்டு போடுகிறவர்கள்தானே.

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரோ தெம்பே மெல்லும் சத்தம்தான் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தாள் வாகியெம். "அப்புறம் யாரு யாரு வீட்டுக்குப் போறது?"

 நிங்ருமுக்கு இனி மறைக்கத் தோன்றவில்லை. "நான் இன்னைக்குப் பெட்டியை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். பத்து விக்கலைன்னா அதான் விதி. தூகினாக்காவோட படியும் நின்னுடும்" என்றாள்.

தூகினா தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊருக்கே தெரியும்.

"அடி பாவி, ஒரு வார்த்த சொன்னியா?" என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

"சொல்லிட்டு? உங்க தலையில கட்டவா?" என்றாள் தூகினா, தலை நிமிராமல்.

வாகியெம் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நிங்ருமிடம், "எழுதிக்குங்க இபு. பதினெட்டு. காசு நீங்க சொன்ன மாதிரி வாரச் சீட்டுல" என்றாள்.

அந்த வட்டாரத்தில் ஒரே நாளில் அத்தனை கண்ணாடி போனதே இல்லை. நிங்ரும் படிவத்தை எடுத்தாள். வாங்குகிறவர் ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டு நான்கு கட்டங்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: படிக்க, தைக்க, சமைக்க, மருந்து பார்க்க.

"காரணம் என்னன்னு போடட்டும்?"

"தூகினா" என்றாள் வாகியெம்.

"அப்படி ஒரு கட்டம் இல்லையே."

"அப்ப ஊசின்னு போட்டுக்குங்க."

அடுத்தவளும் ஊசி என்றாள். அதற்கடுத்தவளும். பிறந்ததிலிருந்து ஊசியைக் கையால் தொடாத, மீன் விற்கிற தம்பென் அம்மாவும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு ஊசி என்றாள். சிரிப்பை அடக்கியபடி ஒவ்வொருத்தியாகச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் முறை பார்சித்தியிடம் வந்து நின்றது.

"எனக்கு நெசமாவே ஊசிதான்" என்றாள்.  இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். புள்ளிகள் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. தன் கட்டைவிரலால் ஒவ்வொரு நுனியாகத் தடவினாள்.

முதல் கண்ணாடி யாருக்கென்று பார்க்க, வாகியெம் பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கினாள். ஓட்டை வழியாக ஒரு பச்சைக் குழல் துண்டு விழுந்து, பாயின்மேல் உருண்டு, தூகினாவின் முழங்காலருகே நின்றது. அவள் சுருளைப் பிரித்தாள். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனாள், பிறகு தள்ளிப் பிடித்தாள். ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தவள் தன் கண்ணைப் பார்த்துக்கொள்ளவே இல்லை. பதினெட்டுப் பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, துணியின்மேல் இருந்த கண்ணாடியை யார் எடுத்து அவளிடம் நீட்டுவது என்று எல்லாக் கைகளும் ஒரு கணம் தயங்கின.