காருக்குப் போட்ட கஞ்சி

தறிக்குக் கட்டித் தொங்கவிட நாலு இரும்புக் குண்டு வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீரபாகு முதலியார் போனார். இரும்பு வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரும்புக்கு நாலு சக்கரமும், குடம் குடமாய் இரண்டு பித்தளை விளக்கும், அமுக்கினால் வாத்துக் குரலில் கத்துகிற ரப்பர் பந்தும் இருந்தன. ஏதோ ஒரு ஜமீனில் துரைமார்களை ஏற்றிக்கொண்டு திரிந்த சீமைக் கார் அது. புதுக் கார் வந்ததும் இதைக் கொட்டகையில் தள்ளிவிட்டார்கள். கோழிகள் சில வருஷம் அதில் குடித்தனம் நடத்தின. அப்புறம் பழைய இரும்புக் கடை. அங்கிருந்து இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது.

"குண்டு எங்க?" என்றாள் அவர் சம்சாரம் காமாட்சியம்மாள்.

"அதான், மொத்தமா வந்திருக்குது இல்ல?"

அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டவள் காமாட்சி. அந்தக் கைக்கு மூன்று வருஷமாய் ஓய்வே இல்லை. காருக்கு அவள் வைத்த பேர் ஜமீன் கிழவி. "உங்க கிழவிக்கு இன்னிக்கு இன்னா சீக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் காபித் தண்ணியே வைப்பாள். மனுஷனும் சளைத்தவரா? "கிழவிதான், ஆனா உன்னாட்டம் வாய் கிடையாது" என்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் காரைப் பிரித்த அழகு வேறு எவனுக்கும் வராது. நெசவுக்காரர் இல்லையா, பாவில், அதாவது தறியில் ஏற்றுகிற நீள நூலில், இழை வரிசை தப்பினால் புடவையே போயிற்று என்று தெரிந்தவர். எஞ்சினிலிருந்து ஒவ்வொரு சாமானாய்க் கழற்றி, கழற்றின வரிசையிலேயே நூலில் கோத்து முடிச்சுப் போட்டு, கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாய்க் கட்டித் தொங்கவிடுவார். துடைத்து, எண்ணெய் போட்டு, கடைசி முடிச்சிலிருந்து திரும்பப் பூட்டிக்கொண்டே வருவார். வீட்டுக்குள் குனிந்துதான் நடக்க வேண்டும். நெற்றியில் கிரீஸ் ஒட்டாத நாள் காமாட்சிக்கு நல்ல நாள். எஞ்சின் விசிறியைச் சுழற்றும் தோல் வார் அறுந்தபோது சென்னைப்பட்டணத்துக்கு ஆள் அனுப்பவில்லை. பட்டு நூலை முறுக்கி வடமாய்ப் பின்னி மாட்டினார். தோல் வார் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை, பட்டு வார் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினின் தண்ணீர்த் தொட்டி ஒழுகினபோது, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கண்ணாயிரத்தைக் கூப்பிட்டு வந்து, அவர் துருத்தி ஊத, இவர் பூச, அடைத்தார்கள். கார் ஓடியது. நம்புங்கள், கச்சபேஸ்வரர் கோயில் வரைக்கும் போய்விட்டு அதே காலோடு திரும்பி வந்தது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. காமாட்சி மட்டும் வெளியே வரவில்லை. ஏறி உட்காரச் சொல்லி அவர் எத்தனையோ தடவை கெஞ்சியும் அவள் ஏறினதே கிடையாது.

அப்படிப்பட்டவளைக் காரில் ஏற வைத்தது மகள்தான்.

ஒரே மகள் இந்திராணி. வாலாஜாபேட்டையில் நூல் வியாபாரி வீட்டில் கொடுத்திருந்தார்கள். தலைச்சன் பிள்ளை வயிற்றில். வைகாசியில் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். மாமியார் லோகாம்பாள் கெட்டவள் இல்லை, ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். மாட்டு வண்டியில் அனுப்ப மாட்டேன், குலுக்கிவிடும் என்றாள். ரயிலில் அனுப்ப மாட்டேன், இரண்டு இடத்தில் ஏறி இறங்கி இடிபடுவாள் என்றாள். போன தடவை காஞ்சிபுரம் வந்தபோது காரைப் பார்த்திருந்தாள். துணிக்கூரை நைந்து கிழிந்து, வெறும் மர வளைவுகள் மட்டும் நின்றன. "இந்த மொட்டை வண்டியில வெயில்ல வச்சு ஏத்திக்கினு போவீங்களா? கூரை போட்டு எடுத்துக்கினு வாங்க, அனுப்புறேன். இல்லைன்னா பிரசவம் இங்கியே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் காமாட்சியைக் குத்தியது. அவளுக்குத் தாய் இல்லை. இந்திராணியைப் பெற்றபோது மாமியார் வீட்டில்தான் பெற்றாள். எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் வலி வந்தபோது "அம்மா" என்று கத்தினாள், கத்தின பேருக்கு வர ஆள் இல்லை. அது இன்றைக்கும் அவள் நெஞ்சில் கிடக்கிறது. என் மகள் கத்தினால் நான் அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"கிழவிக்குக் கூரை போடுங்க" என்றாள் புருஷனிடம்.

அவர் தன் காதையே நம்பவில்லை. மறுநாளே தடித்த கித்தான் துணி வாங்கிவந்து, தானே அளந்து வெட்டி, ஊசியும் நூலுமாய் உட்கார்ந்து தைத்தார். தைத்து முடித்து, "இதுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவணுமாம், டிரைவர் ஒருத்தர் சொன்னாரு" என்றார்.

காமாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெசவுக்காரர் பேசற பேச்சா இது? துணி விறைப்பா நிக்கணும்னா கஞ்சி போடணும். எண்ணெயத் தடவினா ஊர்த் தூசியெல்லாம் அதுல வந்து ஒக்காந்துக்கும்."

"கஞ்சியா? காருக்கா?"

"எங்க ஊட்டுக் கஞ்சிக்குப் பேர் இருக்குது, தெரியுமில்ல?"

தெரியும். அவள் பிறந்த வீட்டுக் கஞ்சி என்றால் தெருவே வந்து பதம் கேட்கும். அவள் சொல்லி அவர் எதைத் தட்டினார், இதைத் தட்ட? அரிசியைக் குழைய வேகவைத்து, வடித்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அவளே காய்ச்சினாள். விடிகிற வேளையில் தெருவில் பாவு நீட்டுகிற இடத்தில் கித்தானை இழுத்துக் கட்டினார்கள். அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தூரிகையால் கஞ்சியைத் தேய்த்துக் காயவிட்டார்கள். கஞ்சி போட்ட பாவு நீட்டினால் மாடு வாய் வைக்காமல் கோலோடு ஒருவர் நிற்பது அந்தத் தெரு வழக்கம், அன்றைக்கும் நின்றார்கள். அதை ஒரு விஷயமாய் யாரும் நினைக்கவில்லை. வெயில் ஏறினதும் கித்தானைத் தட்டினால் டங்கென்று சத்தம் வந்தது. வளைவுகளின் மேல் பூட்டிப் பார்த்தால், அடேயப்பா, பல்லக்குத் தோற்றுப் போகும்!

வளைகாப்பு அன்று காமாட்சி தன் கல்யாணப் பட்டை உடுத்திக்கொண்டாள். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. நிச்சயமானதும் வீரபாகு தன் கையாலேயே தறியில் உட்கார்ந்து அவளுக்காக நெய்த புடவை. அவர் கைப்பிடியைப் போட்டுச் சுழற்ற, கிழவி இருமி, செருமி, கிளம்பிவிட்டாள். காமாட்சி கண்ணை மூடிக்கொண்டு ஏகாம்பரநாதா என்றாள். தாமல் தாண்டுகிறவரை திறக்கவேயில்லை. கிழவிக்குத் தண்ணீர் ஊற்ற ஓச்சேரியில் ஒரு தரம், காவேரிப்பாக்கத்தில் ஒரு தரம் நின்று, வாலாஜாபேட்டைக்கு நல்ல வேளையில் போய்ச் சேர்ந்தார்கள்.

லோகாம்பாள் வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். கூரையைத் தட்டிப் பார்த்தாள். "பரவாயில்லையே சம்பந்தி, தகரமாட்டம் நிக்குது!" என்றாள். வீரபாகுவுக்குக் கால் தரையில் படவில்லை. தெரு பார்க்கட்டும் என்று கூரையை மடக்காமலே விட்டுவிட்டு உள்ளே போனார்.

வளையல் அடுக்கினார்கள், பாட்டுப் பாடினார்கள், கட்டுச்சாதம் பரிமாறினார்கள். இந்திராணி மெலிந்திருந்தாள். சாப்பாடே தங்குவதில்லை என்றார்கள். தாயின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இலை எடுக்கிற சமயத்தில் வெளியே ஒரே சத்தம். மாப்பிள்ளை பழனி ஓடிவந்து, "மாமா, வண்டியை மாடு தின்னுது!" என்றான்.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். நூல் வியாபாரிகள் தெருவில் ஏது பாவு, ஏது கோல்? சோற்றுக் கஞ்சி வாசனை பிடித்து ஒரு பசு பின்பக்கத் துணியை நக்கி, இழுத்து, பாதியை மென்று முடித்திருந்தது. மிதிபலகை வழியாய் ஏறின இரண்டு ஆடுகள் மெத்தையில் நின்றுகொண்டு உள்பக்கத் துணியைக் கவனித்துக்கொண்டன. பந்தி நன்றாகவே நடந்திருந்தது. மர வளைவுகள் பழையபடி மொட்டையாய் நின்றன.

லோகாம்பாள் விளக்குமாற்றால் ஆடுகளை விரட்டினாள். துணியில் ஒரு கிழிசலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "இன்னாது இது, கஞ்சியா? காருக்குக் கஞ்சி போடற ஆளை நான் இப்பதான் பாக்கறேன். யாருக்கு வந்த புத்தி இது?"

"நான்தாம்மா போட்டேன்" என்றார் வீரபாகு. நிதானமாய், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொன்னார். "இவ வேணாம்னுதான் சொன்னா. எனக்குத்தான் பழக்கதோஷம்."

"நல்ல பழக்கம்! பேரீச்சம்பழத்துக்குப் போடவேண்டிய இரும்ப வச்சுக்கினு நீங்க ஆடற ஆட்டம் ஊரே சிரிக்குது. வெயில் மண்டையப் பொளக்குது. இதுல எங்க ஊட்டுப் பொண்ண அனுப்ப நான் பைத்தியமா? பிரசவம் இங்கதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, கிழிந்த துணியை வளைவுகளிலிருந்து ஒவ்வொரு முடிச்சாய் அவிழ்க்க ஆரம்பித்தார். அந்தக் குனிந்த பிடரியில் காலையில் துடைக்க மறந்த கிரீஸ் ஒரு கீற்று இருந்தது. அதைப் பார்த்ததும் காமாட்சிக்கு வந்ததே ஒரு கோபம்! மூன்று வருஷமாய் அவள் சொல்லாததையா லோகாம்பாள் சொல்லிவிட்டாள்? ஆனால் அவள் சொல்லலாம். கட்டிக்கொண்டவள். வேறொருத்தி எப்படிச் சொல்லலாம்?

"நிறுத்துங்க சம்பந்தியம்மா" என்றாள். "கஞ்சி போட்டது அவரு இல்ல, நான். அவரு எண்ணெய்தான் தடவணும்னாரு, நான்தான் சிரிச்சேன். இரும்புன்னு சொல்றீங்களே, காஞ்சிபுரத்துல இருந்து இம்மாந்தூரம் எங்கியும் படுத்துக்காம வந்துச்சு. உள்ள சுத்தறது பட்டு வார், அவரு கையால பின்னினது. எங்க பொண்ணு அந்த வண்டியிலதான் வருவா."

வீரபாகு அவிழ்க்கிற கையை நிறுத்திவிட்டார்.

அதற்குள் நடையிலிருந்து இந்திராணி வந்தாள், கை நிறைய வளையல் குலுங்க. காரருகே போய், மிச்சமிருந்த துணியில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நைனா, பாவுக் கஞ்சி வாசனை அடிக்குது" என்றாள். "நம்ம தெரு விடியக்காலையில இப்படித்தான் இருக்கும்." அவ்வளவுதான், குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்குப் பசிக்குதும்மா. ஊட்டுக்குப் போவலாம்மா."

அவளுக்குப் பசிக்கிறது என்று அந்த வீட்டில் கேட்டு ரொம்ப நாளாயிற்று. லோகாம்பாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

காமாட்சி அவளிடம் திரும்பி, "உங்க நூல் புடவை ஒண்ணு குடுங்க சம்பந்தியம்மா" என்றாள். உள்ளே போய், லோகாம்பாளின் கட்டம் போட்ட சேலையைச் சுற்றிக்கொண்டு, கல்யாணப் பட்டை மடித்துக் கையில் எடுத்து வந்து புருஷனிடம் நீட்டினாள். "இத்தைக் கட்டுங்க கூரைக்கு."

அவர் பதறிப் போனார். "அது நான் உனக்கு நெய்ஞ்சது, காமாட்சி. காத்துல, தூசியில, வெயில்ல..."

"நீங்க நெய்ஞ்சதுதானே? அப்ப கிழியாது."

அவர் புடவையை உதறி, இரண்டாய் மடித்து, வளைவுக்கு வளைவு இழுத்து, பாவு பிணைக்கிற முடிச்சாகவே போட்டுக்கொண்டு போனார். இன்னொரு பக்கம் காமாட்சி முடிந்தாள். ஜரிகைக் கரை இரண்டு பக்கமும் தொங்கிற்று. பசு ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கஞ்சி இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. லோகாம்பாள் கூரைக்கடியில் கையை நீட்டி நிழல் விழுகிறதா என்று பார்த்தாள். விழுந்தது. மெத்தையைத் தானே தட்டிப் போட்டு, மோர்ப் பானையை மருமகள் காலடியில் வைத்து, "மெதுவா ஓட்டுங்க சம்பந்தி" என்றாள். அப்புறம் காமாட்சியைப் பார்த்து, "எம் புடவைய திருப்பி அனுப்பாதீங்க. உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளோ என்னவோ, காமாட்சி பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

சிவப்பு நிழலில் இந்திராணி கட்டுச்சாதத்தைத் தின்றாள், மோரைக் குடித்தாள், தாயின் மடியில் தலை வைத்துத் தூங்கிப் போனாள். ஓச்சேரி தாண்டினதும் காமாட்சி, "உங்க கிழவி நல்லாத்தான் போறா" என்றாள்.

கார் நின்றுவிட்டது.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. சத்தத்துல சரியா காதுல வுழல. இன்னொரு தபா சொல்லு."

"பொண்ணு தூங்கறா. ஓட்டுங்க" என்றாள். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளையார்பாளையம் வந்தது. கல்யாணப் புடவை போர்த்திய காரைப் பார்த்துத் தெருவே வாயில் கைவைத்து நின்றது. காமாட்சி யாரையும் சட்டை செய்யாமல் மகளைக் கைத்தாங்கலாய் இறக்கி உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். திரும்ப வாசலுக்கு வந்தபோது வீரபாகு புடவையின் முதல் முடிச்சில் கை வைத்திருந்தார்.

"அவுக்காதீங்க" என்றாள்.

"தூசியாவுது காமாட்சி. உள்ள எடுத்து வை."

"இருக்கட்டும். கொழந்தை பொறந்ததும் வாலாஜாபேட்டைக்கு மூணு பேரையும் நீங்கதானே இதுல ஏத்திக்கினு போவணும்?"

"மூணு பேரா? யாரு மூணு?"

"அவ, கொழந்தை, நான்" என்று சொல்லிவிட்டு, மகளுக்குக் கஞ்சி வைக்க உள்ளே போனாள்.