காலில் கட்டிய பெயர்

ஆலையில் வாயு கசிந்த அந்த மாதத்தில், இறந்தவர்களைத் தவறான பெயரில் தூக்க முடியாமல் போனது. காலில் வெறும் எண் கட்டியிருக்கும்வரை எல்லாரும் மனிதர் எடைதான் இருந்தார்கள். இரண்டு பேர் போதும், வாசற்படி தாண்டும்போது மட்டும் மூன்றாமவன் ஒரு கை கொடுப்பான். எண்ணுக்குக் கீழே வேறு யாருடைய பெயரையாவது எழுதிக் கட்டிவிட்டால் அவ்வளவுதான், தரையோடு தரையாகப் பிடித்துக்கொள்வார்கள். இது முதலில் தெரிந்தது ஒரு நடுவயதுப் பெண்ணிடம். கழுத்து மச்சத்தைப் பார்த்துவிட்டு இவள்தான் எங்கள் அக்கா என்று ஒரு குடும்பம் அழுது ஓய்ந்தது. பெயர் கட்டியானதும் தள்ளுவண்டியின் நான்கு சக்கரமும் சிமென்ட் தரைக்குள் இறங்கின. மட்டமான வண்டி என்று அனுப்பியவனைத் திட்டிவிட்டு வேறு வண்டி கொண்டுவந்தார்கள். அதுவும் இறங்கியது. மறுநாள் அந்த அக்கா பக்கத்து ஊர் மருத்துவமனையில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள் என்று தகவல் வந்தது. பெயரை அவிழ்த்தார்கள், வண்டி தானாக மேலே வந்து உருண்டது.

தூக்குகிறவர்களில் மூத்தவனை எல்லாரும் மூட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். சந்தையில் வெங்காயம் சுமந்து சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன முதுகு அவனுக்கு. ஆப்பிள் அடுக்கும் குளிர்கிடங்கை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். எவ்வளவு கழுவியும் அதில் ஆப்பிள் வாசனை போகவில்லை. வெளியே, உடல்களைக் கழுவ ஒரு கூடாரம். துணி விஷத்தைக் குடித்து வைத்திருக்கும் என்பதால் முதலில் துணியைக் கத்தரிப்பார்கள், அதை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி பீப்பாயில் அடைப்பார்கள். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர். இவ்வளவையும் ரப்பர் உடுப்புக்குள் நின்று செய்ய வேண்டும். உடுப்பைக் கழற்றினால் காலணியிலிருந்து வியர்வையைக் கவிழ்த்துக் கொட்டலாம். சட்டை போய்விடும், முகம் நிறம் மாறிவிடும், பிறகு சொந்தக்காரர்கள் எதை வைத்து அடையாளம் சொல்வார்கள்? அதனால் டாக்டரம்மா பல்லையும் விரல் ரேகையையும் பார்த்தார், உறவுக்காரர்களின் இரத்தத்தை எடுத்து ஒப்பிட்டார். கனத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. தானே ஒருமுறை கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி, அனுப்புறதுக்கு முன்னாடி தூக்கிப் பாருங்க. ஆனா பல்லைப் பாக்காம ஒருத்தரையும் விட மாட்டேன். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் என் கையெழுத்து" என்றார். அன்றிலிருந்து அதுவும் வேலையில் ஒன்றாகிவிட்டது.

மூட்டையின் அண்ணன் அந்த ஆலையில் ஒப்பந்த ஆள். கசிந்த அன்று வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அண்ணி தினமும் வந்து கிடங்கு வாசலில் கவிழ்த்துப்போட்ட பழப்பெட்டியில் உட்காருவாள்.

"இன்னிக்கு வந்ததுல இருக்காரா?"

"இல்ல அண்ணி."

"நல்லாப் பாத்தியா?"

"என் அண்ணன எனக்குத் தெரியாதா?"

"மூஞ்சியே தெரியலன்னு நீதான நேத்து சொன்ன?"

மூட்டை உள்ளே போவான். ஒவ்வொருவராக வீடு போய்ச் சேர்ந்து, கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். மூட்டை கொடுத்த இரத்தத்தோடு அவருடையது ஒத்துப்போனது. கூடாரத்திலிருந்து அவரைத் தூக்கி வந்ததே மூட்டைதான். இந்த ஆளுக்கு இடது கை நிற்கமாட்டேன் என்கிறது, நழுவிக்கொண்டே இருக்கிறது என்று அன்று சலித்துக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. அழுகை வருமா என்று நின்று பார்த்தான். வரவில்லை. அட்டையில் அண்ணன் பெயரை எழுதிக் காலில் கட்டினான், குனிந்தான், தூக்கினான். அசையவில்லை.

நாலு பேர் பிடித்தார்கள், எட்டுப் பேர் பிடித்தார்கள். பெட்டி தூக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள், அதன் இரும்பு நாக்கு வளைந்தது. டாக்டரம்மா இரத்தத்தை மறுபடி சோதித்தார். சந்தேகமே இல்லை, அண்ணன்தான்.

"உங்க அண்ணன் வீட்டுலயும் இப்படித்தான் எந்திரிக்க மாட்டாரா?" என்றான் கூடத் தூக்கும் ஒல்லி.

"ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றான் மூட்டை. இரண்டு பேரும் சிரிக்கவில்லை, ஆனால் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

கிடங்குக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார், பழம் வரப்போகிறதாம். பெயரை அவிழ்த்துவிட்டு எண்ணோடு புதைத்துவிடலாம், கனமும் இருக்காது, வேலையும் முடியும் என்று அதிகாரி ஒருவர் வழி சொன்னார். அண்ணி பெட்டியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "எண்ணுகிட்ட உக்காந்து அழ நான் என்ன கணக்கு டீச்சரா? பேரோட குடுங்க. இல்லன்னா இங்கயே கிடக்கட்டும், நானும் கிடக்கிறேன்."

அப்போது கூடாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி டிரைவர் மூட்டையைத் தனியாகக் கூப்பிட்டான். ஆரம்பத்திலிருந்தே தண்ணீர் அடித்தவன் அவன்தான். யாரோடும் பேசாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையை விடுகிற ஒப்பந்த ஆள் நுழைவுச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பதில்லை. புதுச் சீட்டு வாங்க மாதக்கணக்காகும் என்பதால் அடுத்து வருகிறவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். படம் மங்கிய சீட்டு, வாயிலில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. இவனும் அப்படித்தான் தன் சீட்டை மூட்டையின் அண்ணனிடம் கொடுத்துவிட்டு லாரிக்கு வந்திருந்தான்.

"சீட்டுல இருந்த பேரு என்னுது. உள்ள கிடக்கிறது உங்க அண்ணன்" என்றான்.

"ஏண்டா இத்தனை நாளா வாயத் திறக்கல?"

"ஆலை வாசல்ல செத்தவங்க பேரெல்லாம் படிச்சாங்கல்ல, அதுல என் பேரையும் படிச்சாங்க. நானே நின்னு கேட்டேன். எந்த வாயால திறக்கிறது?"

அண்ணியிடம் அவனே சொன்னான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுஷன்."

"ஆலைக்குள்ள அவரோட சொந்தப் பேரு யாருக்கும் தெரியாதுங்க அக்கா. என் பேரச் சொன்னாத்தான் திரும்புவாரு. அந்தப் பேருலதான் திட்டு வாங்குனாரு, அந்தப் பேருலதான் சங்கத்துல சண்டை போட்டாரு. அன்னிக்கு ஓடுங்கன்னு கத்துனவங்களும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க."

அண்ணி பழப்பெட்டியிலிருந்து எழுந்தாள். "கட்டு. ஆனா நான் அவர அப்படிக் கூப்பிட மாட்டேன்."

மூட்டை அட்டையை மாற்றினான். இந்தமுறை ஒல்லி கை வைப்பதற்கு முன்பே அண்ணன் எழும்பிவிட்டான், சந்தையில் நிறைந்த சாக்கு என்று நினைத்துக் காலிச் சாக்கைத் தூக்கியதுபோல. மூட்டை ஒரு அடி தடுமாறி, அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாகவே வண்டிவரை நடந்தான். டாக்டரம்மா சான்றிதழில் அண்ணனின் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் ஒன்று, காலில் ஒன்று, மேலிடத்தில் கேட்பார்களே என்று அதிகாரி இழுத்தார். "கேக்கட்டும். வந்து தூக்கிப் பாக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

கல்லறையில் அண்ணி ஒரு கல் நட்டாள், அதில் சொந்தப் பெயரையே வெட்டச் சொன்னாள். கல் கழுத்துவரை மண்ணுக்குள் போய்விட்டது. வேறு கல், சீட்டில் இருந்த பெயர், அது நின்றது. லாரி டிரைவர் தன் பெயரைப் பார்க்க விருப்பமில்லாமல் சுற்றுவழியில் போகப் பழகிக்கொண்டான். ஆலை சில வருஷத்தில் வேறு பலகை மாட்டிக்கொண்டு திறந்தது. வாயிலில் அப்போதும் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணனைப் புதைத்த நாளிலிருந்து, வீட்டில் அவன் படுத்துவந்த கட்டில் நகரவில்லை. மூட்டை சந்தை ஆட்களைக் கூட்டி வந்து நெம்பிப் பார்த்தான். விடு, அது இருக்கட்டும் என்றாள் அண்ணி. அதன்மேல் யாரும் துணி மடித்து வைப்பதில்லை. ஒருமுறை வெள்ளையடிக்க வந்தவர்கள் அதைத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போய், இது என்ன மரம் என்று கேட்டார்கள்.

"மரம் இல்லப்பா, ஆளு" என்றாள் அண்ணி.

அவர்கள் கட்டில் மறைத்த சுவரை அப்படியே விட்டுவிட்டு, மீதிக்கு அடித்து முடித்துப் போனார்கள்.